பன்னிரண்டுக்குப் படம் இல்லை

பன்னிரண்டு வரைக்கும் மட்டுமே எண்ணத் தெரிந்த ஒரு மொழி எங்கள் வீட்டில் இருந்தது. அதைப் பேசியவர்கள் இரண்டே பேர், பெரிய அக்காவும் சின்ன அக்காவும். அந்த மொழியில் வினைச்சொல் கிடையாது, வேற்றுமை உருபு கிடையாது, வசவுச் சொல்கூடக் கிடையாது. பன்னிரண்டு எண்கள் மட்டும். நான் மூன்றாவது பெண். எனக்கு அனுமதி மறுக்கப்பட்ட மொழி அது. ஆகவே அதன் மீது ஒரு நாற்பது பக்க நோட்டில் கோப்பு திறந்தேன்.

பிற்காலத்தில் மத்தியப் படை ஒன்றில் இருபது ஆண்டுகள் எழுத்தராக இருந்து, கணக்கில்லாத கோப்புகளைத் திறந்து மூடி, முப்பத்தெட்டு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். உயிரோடு இருப்பதற்கான சான்று கொடுக்க வங்கிக்குப் போனால், "அம்மா வரலையா?" என்று கேட்கிறார்கள். நான்தான் அந்த ஓய்வூதியர் என்பதை நிரூபிக்க மூன்று அடையாள அட்டைகள் தேவைப்படுகின்றன. அது கிடக்கட்டும். என் வாழ்க்கையின் முதல் கோப்பு அந்த நாற்பது பக்க நோட்டுதான். ஒழுங்காக முடித்துவைக்கப்படாததும் அது ஒன்றுதான்.

இரண்டாயிரம் பிறக்க இன்னும் மூன்று நான்கு ஆண்டுகள் இருந்தன. சிவகாசியிலிருந்து விஸ்வநத்தம் போகிற வழியில் எங்கள் தெரு. அப்பாவைப் பெற்றவர்கள் பிறர் காட்டில் களையெடுத்தவர்கள். அப்பா காலத்தில் தெருவே ஏதாவது ஒரு ஆபீசுக்குப் போனது. எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றால் பட்டாசுத் தொழிற்சாலை. நாற்காலியும் மின்விசிறியும் உள்ள இடத்தை ஆபீஸ் என்பார்கள் என்று எனக்கு வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அப்பா அச்சகங்களுக்கு லோடு வண்டி ஓட்டினார். அம்மாவும் நாங்களும் வீட்டில் குழாய் சுருட்டினோம். வெடிக்கு உடம்பாக அமைகிற காகிதக் குழாய் அது. கம்பியில் காகிதத்தைச் சுற்றி, ஓரத்தில் பசை தடவி, உருட்டி, உருவிப் போட்டால் ஒரு குழாய். பன்னிரண்டு குழாயை நூலால் கட்டினால் ஒரு கட்டு. பன்னிரண்டு கட்டு ஒரு குரோஸ்.

இதனால் எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு சங்கடம் உண்டானது. இரண்டாம் வகுப்பில் டீச்சர் ஈர்க்குச்சிகளைக் கொடுத்து, கட்டுக் கட்டாகக் கட்டச் சொன்னார். நான் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டினேன். டீச்சர் என் கட்டை அவிழ்த்து இரண்டு குச்சிகளை எடுத்துப் போட்டுவிட்டு, "இப்பத்தான் இது கட்டு" என்றார். அரசாங்கத்தின் கட்டு வீட்டுக் கட்டைவிட இரண்டு குறைவு என்று அன்றே தெரிந்துகொண்டேன். பிறகு இருபது ஆண்டுகள் சம்பளப் பட்டியல் போட்டபோதும் அந்த எண்ணம் மாறவில்லை.

குழாய் சுருட்டும்போது அம்மாவிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. முதல் சட்டம், பேசக் கூடாது. பேசினால் எண்ணிக்கை தப்பும். வாய்விட்டு எண்ணிக்கொள்ளலாம். இரண்டாவது சட்டம், பன்னிரண்டு ஆகாமல் எவளும் எழுந்திருக்கக் கூடாது. தாகமோ, கால் மரத்துப்போனதோ, தெருவில் ஐஸ் வண்டி மணியடிப்பதோ, எதுவானாலும் பன்னிரண்டைக் கட்டிய பிறகுதான். "பாதியில விட்டுட்டுப் போனா கோழி கலைச்சுப்புடும். பன்னெண்டக் கட்டிட்டு எங்கிட்டு வேணும்னாலும் போங்கட்டி" என்பாள். அரைக்கட்டை விட்டு எழுந்தவள் எங்கள் வீட்டில் இல்லை. பெரிய அக்கா ஒருமுறை காய்ச்சலில் உடம்பு நடுங்க நடுங்க ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை சுருட்டிக் கட்டிவிட்டுத்தான் போய்ப் படுத்தாள். அதை அம்மா தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

எந்தச் சட்டத்திலும் ஓட்டை இருக்கும். பேசத்தான் கூடாது, எண்ணலாம் அல்லவா? அக்காமார் அந்த ஓட்டைக்குள் ஒரு மொழியைக் கட்டினார்கள். ஜொள்ளி, கொக்கி, மொட்டி, துள்ளான், சோவி, புர்ரா, கூவான், சாஞ்சான், முறைச்சான், தூங்கி, விறைச்சான், சடக்கா. ஒன்றிலிருந்து பன்னிரண்டு. அம்மா காதில் அது ஏதோ விளையாட்டு எண்ணிக்கை. ஆனால் பெரிய அக்கா மூன்றாவது குழாயைப் போடும்போது மொட்டி என்று சொல்லாமல் முறைச்சான் என்று சொன்னால், அம்மா கோபத்தில் இருக்கிறாள் என்று பொருள். சின்ன அக்கா குனிந்துகொண்டு சிரிப்பாள். எண்ணிக்கையும் நடந்தது, பேச்சும் நடந்தது, சட்டமும் மீறப்படவில்லை. இப்படி ஒரு சுற்றறிக்கைக்கு இப்படி ஒரு வழி கண்டுபிடித்தவர்களைப் பின்னாளில் தலைமை அலுவலகத்தில்கூட நான் பார்த்ததில்லை.

எந்தச் சொல் எந்த எண் என்பதைக் கூடவே உட்கார்ந்து கேட்டே பழகிவிட்டேன். ஆனால் ஐந்து ஏன் சோவி? ஏழு ஏன் கூவான்? அதை மட்டும் இருவரும் சொல்ல மறுத்தார்கள். "அது பெரியவுக சமாச்சாரம்" என்பாள் சின்ன அக்கா. அவளுக்கு வயது பதினாறு. எனக்குப் பதினொன்று.

ஒரு தை மாதத்தில் பெரிய அக்காவைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குப் பனியன் கம்பெனியில் வேலை. தெருமுனை மளிகைக் கடையில் ஒரு போன் இருந்தது. ஞாயிறு சாயங்காலம் அக்கா அதற்குப் பேசுவாள். கடைக்காரர், "ஏ, திருப்பூர் போனு!" என்று தெரு அதிரக் கத்துவார். நாங்கள் ஓடுவோம். முதலில் அம்மா பேசுவாள். சாப்பிட்டீகளா, மாமியார் சொகமா, மழை உண்டா. அந்தப் பக்கம் அக்காவின் மாமியார் நின்றுகொண்டிருப்பது தெரியும். அவருடைய இருமல் எங்களுக்கே கேட்கும். கடைசியில் போன் சின்ன அக்கா கைக்கு வரும். நான் எக்கி நின்று அவள் காதோடு என் காதை ஒட்டிக்கொள்வேன். பெரிய அக்கா இரண்டு வார்த்தை பேசிவிட்டு, செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல, "வச்சுரட்டாடி, கொக்கி" என்பாள். சின்ன அக்காவும் "சரிக்கா, கொக்கி" என்பாள். தபால் கிடைத்ததற்கு ஒப்புகைபோல.

கவனமாகக் குறித்துக்கொண்டேன். தையிலும் மாசியிலும் ஜொள்ளி, கொக்கி. பங்குனியில் துள்ளான். சித்திரையில் சோவி, ஒரு வாரம் மறுபடி துள்ளான். வைகாசியில் கூவான். ஆனியில் சாஞ்சான், அப்புறம் முறைச்சான். எண் ஏறிக்கொண்டே போனது. ஏறுகிற எண் எதுவாக இருந்தாலும் நல்லதுதானே? எனக்குத் தெரிந்து ஏறுகிற எண்கள் இரண்டு. ஒன்று பரீட்சை மதிப்பெண், இன்னொன்று குழாய். பெரிய அக்கா தன் புது வாழ்க்கைக்குத் தானே மதிப்பெண் போட்டு அனுப்புகிறாள் என்று முடிவு செய்தேன். பன்னிரண்டுக்கு ஒன்பது என்பது நல்ல மதிப்பெண். போனை வைத்த பிறகு சின்ன அக்கா யாரோடும் பேசாமல் வந்து, வேகவேகமாகக் குழாய் சுருட்டுவாள். பொறாமை என்று நோட்டில் எழுதினேன்.

சொற்களின் பிறப்பை விசாரிக்கும் வேலையைப் பெரிய விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் தொடங்கினேன். முதலில் தமிழ் ஐயாவைக் கேட்டேன். அவர் சற்றும் யோசிக்காமல், "சோவி என்பது சோழியின் திரிபு. ஐந்து சோழி வைத்து ஆடுவார்கள் அல்லவா?" என்றார். 'ஆதாரம்: தமிழ் ஐயா' என்று அடிக்கோடிட்டு எழுதினேன். கூவான் சேவலாக இருக்கும் என்றார். ஏழு சேவல் யார் வைத்திருந்தார்கள் என்று கேட்டேன். அவருக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உண்மை என் மடிக்கு முன்னாலேயே கிடந்தது. குழாய்க்குப் பசை தடவ ஒரு பலகை வைத்திருந்தோம். அதன் மீது ஒரு தடித்த தாளை விரித்து, தாள் மீது பசையை வழித்து வைத்துக்கொள்வோம். தாளில் பசை காய்ந்து தடித்துப்போனால், அதைப் பிய்க்காமல் அதன் மேலேயே இன்னொரு தாளை ஒட்டிவிடுவோம். ஒரு நாள் பலகை கை தவறி விழுந்து ஒரு மூலை பெயர்ந்தது. உள்ளே ஒரு புலியின் காது தெரிந்தது.

அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, பலகையைத் தொட்டியில் போட்டு ஊறவைத்தேன். அரை மணி நேரத்தில் தாள்கள் ஒவ்வொன்றாக உரிய ஆரம்பித்தன. எல்லாம் காலண்டர் படங்கள். அச்சகங்களில் மாதிரிக்காக ஒரு ஆல்பம் போடுவார்கள். ஏஜென்ட்கள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பார்கள். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஒரு எண் இருக்கும், அந்த எண்ணைச் சொல்லித்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும். சீசன் முடிந்துபோன ஒரு ஆல்பத்தை அப்பா என்றைக்கோ வண்டியில் கொண்டுவந்திருக்கிறார்.

மேலே இருந்தது பனி மூடிய ஒரு வீடு. மூலையில் 11. விறைச்சான்! அதற்குக் கீழே கூடையில் தூங்குகிற பூனை, 10. பிறகு காது கிழிந்த புலி, ஒன்பது, முறைச்சான். கடலோரத்தில் சாய்ந்து நின்ற ஒற்றைத் தென்னை எட்டு. ரயில் ஏழு. தமிழ் ஐயாவின் சேவல் அங்கேயே செத்தது. புறாக்கள் ஆறு. அருவி ஐந்து, சோ என்று கொட்டுகிற அருவி, அதில் சோழியும் இல்லை ஒன்றும் இல்லை. பிறகு மான், ரோஜா மொட்டு, கழுத்தைக் கொக்கிபோல வளைத்த இரண்டு அன்னங்கள், கடைசியில் எச்சில் ஒழுக டெலிபோன் பேசுகிற ஒரு குண்டுக் குழந்தை.

கொக்கியில் இரண்டு அன்னம், ஜொள்ளியில் ஒரு குழந்தை என்று பார்த்ததும், படத்தில் இருக்கிற எண்ணிக்கைதான் பெயரானது என்று ஒரு கொள்கை தோன்றியது. நாலாம் எண்ணில் ஒரே ஒரு மான் நின்று அதைக் கெடுத்தது. உலகத்தில் எந்த அச்சகக்காரனோ எந்தப் படத்துக்கோ கண்ணை மூடிக்கொண்டு போட்ட எண்தான் எங்கள் வீட்டு மொழிக்கு ஆதாரம் என்று தெரிந்தபோது எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது. எல்லா விதிகளும் அப்படித்தான் பிறக்கின்றன என்பது அப்போது தெரியாது.

ஆனால் பதினொன்றுதான் இருந்தது. ஒன்றாம் எண்ணுக்குக் கீழே வெறும் பலகை. பன்னிரண்டு இல்லை. சடக்கா எங்கே?

அம்மா வந்தாள், பலகையைப் பார்த்தாள், முதுகில் இரண்டு வைத்தாள். "வேல நாளுல பசைப் பலகையக் கொண்டுபோயி ஊறப் போட்டிருக்கா பாரு, சண்டாளி!" சின்ன அக்கா மட்டும் ஈரப் படங்களை ஒவ்வொன்றாகக் கொடியில் காயப்போட்டாள். விறைச்சானைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டாவது படம் எங்கக்கா?" என்றேன்.

"பன்னெண்டுக்குப் படம் கிடையாதுட்டி. ஆல்பம் வரும்போதே பதினொன்னுதான் இருந்துச்சு."

"அப்பச் சடக்கான்னு எதப் பாத்து வச்சீக?"

"அது நாங்களா வச்சது."

"அதான், எத வச்சு?"

"போயி மூஞ்சியக் கழுவு. பசையாக் கெடக்கு."

அதற்குப் பிறகு தினமும் கேட்டேன். சடக் என்று போகிற குதிரை வண்டியா, தறிச் சத்தமா, ரயில் தண்டவாளமா என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ரயிலை ஏற்கெனவே ஏழுக்குக் கொடுத்தாகிவிட்டது. சின்ன அக்கா அசையவில்லை. பெரிய அக்காவிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள் என்பது மட்டும் ஒரு நாள் வாய் தவறி வந்தது. ஒரு சொல்லின் பிறப்புக்கு எதற்குச் சத்தியம்? என் ஆர்வம் இரண்டு மடங்கானது.

ஆடி வந்தது. கல்யாணமாகி முதல் ஆடிக்குப் பெண்ணை அழைத்துவர வேண்டும். அப்பா போய்க் கேட்டதற்கு, "இங்க வேல கெடக்கு, பெறகு அனுப்புறோம்" என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு மனது கேட்கவில்லை. பெரிய அக்காவுக்காக வேண்டிக்கொண்டு, ஆடி முடிய ஒரு வாரம் இருந்த ஞாயிற்றுக்கிழமை, சின்ன அக்காவைக் கூட்டிக்கொண்டு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போனாள். அப்பா ராத்திரி லோடு இறக்கிவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தார். போன் எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

ஆறு மணிக்குக் கடைக்காரர் கத்தினார். ஓடினேன்.

"அம்மாட்டக் குடு" என்றாள் பெரிய அக்கா.

"அம்மாவும் சின்னக்காவும் இருக்கன்குடிக்குப் போயிருக்காக."

"சின்னவளுமா?"

"ஆமா. நான்தான் இருக்கேன்."

மாமியாரின் இருமல் கேட்டது. பிறகு, "சாப்பிட்டியாடி?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். பள்ளிக்கூடம் போகிறாயா என்றாள். போகிறேன் என்றேன். பிறகு வழக்கமான அந்தச் செல்லக் குரலில், "சின்னவ வந்ததும் சொல்லிரு. வச்சுரட்டா, சடக்கா" என்றாள்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு! எனக்குப் புல்லரித்தது. முதல் முறையாக அந்த மொழியில் ஒரு தபால் என் பெயருக்கு வந்திருக்கிறது. "சரிக்கா, சடக்கா" என்று முறைப்படி ஒப்புகை கொடுத்தேன். கொடுத்துவிட்டு, ஒரு நல்ல விசாரணை அதிகாரி எந்தச் சந்தர்ப்பத்தையும் விடமாட்டார் என்பதால், "அக்கா, எல்லாத்துக்கும் படத்தக் கண்டுபிடிச்சுட்டேன். சடக்காவுக்கு மட்டும் ஏன் அந்தப் பேருன்னு சொல்லு" என்றேன்.

அவள் சிரித்தாளா அழுதாளா என்று அந்தப் போனில் பிரித்தறிய முடியவில்லை. "வந்து சொல்றேன். நீ மறக்காமச் சொல்லிருடி" என்றாள். போன் வைக்கப்பட்டது.

நான் மறக்கவில்லை. மறதி என்று யாராவது கோப்பில் எழுதினால் அது பொய்க் குறிப்பு.

இரவு எட்டு மணிக்கு அம்மாவும் சின்ன அக்காவும் வந்தார்கள். அம்மா போனில் என்ன சேதி என்று கேட்டாள். நல்லா இருக்காளாம் என்றேன். அம்மா திருநீற்றைப் பூசிவிட்டு அடுப்படிக்குப் போனாள். சின்ன அக்கா என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள்.

"என்ன நம்பரு சொன்னா?"

எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. என் கையில் ஒரு பொருள் இருக்கிறது. அவள் கையில் ஒரு பொருள் இருக்கிறது.

"சடக்காவுக்கு ஏன் அந்தப் பேருன்னு நீ சொல்லு. நான் நம்பரச் சொல்றேன்."

"ஏட்டி, வெளையாடாத. சொல்லு."

"நீ மொதல்ல."

அவள் என் காதைத் திருகினாள். கிள்ளினாள். பொங்கச் சோற்றில் முந்திரியெல்லாம் உனக்கே என்றாள். நான் மசியவில்லை. அவள் கண் கலங்குவதைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. ஆகவே ஒரு சலுகை அளித்தேன்.

"பயப்படாத. ரொம்ப நல்ல நம்பருதான்."

"நெசமாவா?"

"மாரியாத்தா சத்தியமா. இதவிட நல்ல நம்பரு கெடையாது."

சின்ன அக்கா அப்படியே சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். பிறகு என் தலையில் ஒரு குட்டு வைத்து, "போடி, நீயே வச்சுக்க ஒன் நம்பர. அடுத்த ஞாயிறு அவட்டயே கேட்டுக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

திங்கட்கிழமை அவள் பாடிக்கொண்டே குழாய் சுருட்டினாள். அம்மா அதட்டியும் நிறுத்தவில்லை. செவ்வாய்க்கிழமை எனக்கு இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டிவிட்டாள். புதன்கிழமை நோட்டை எடுத்துப் பன்னிரண்டாவது வரியைப் பார்த்தேன். இன்னும் காலியாக இருந்தது. பேரம் தோற்றுவிடுமோ என்று கவலையாக இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து சின்ன அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தேன். அம்மா கொல்லையில் குழாய்களைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சின்ன அக்காவுக்கு அப்போது ஏழாவது குழாய். கம்பியில் காகிதம் பாதி சுற்றியிருந்தது.

"சரி வாடி, சொல்லிர்றேன்" என்றாள் தானாகவே. "இனிமே அந்தச் சொல்லு வேண்டியிருக்காது போல. இங்கன பாரு."

கம்பியை வைத்துவிட்டு, பசைக் கையைப் பாவாடையில் துடைத்தாள். பத்து விரலையும் கோத்து வெளிப்புறமாக நீட்டி நெட்டி முறித்தாள். சடசடவென்று சத்தம் வந்தது.

"இதான் சடக்கா. பன்னெண்டு ஆனா என்ன செய்வோம்?"

"கட்டுவோம்."

"கட்டிட்டு?"

"சொடக்கு எடுப்போம்."

"எடுத்துட்டு?"

"எந்திரிச்சுப் போவோம்."

"அம்புட்டுத்தான். எந்திரிச்சுப் போறதுக்குப் பேரு சடக்கா. பன்னெண்டு ஆகிறவரைக்கும் ஒக்காந்துதான ஆகணும்? அதான் பெரியக்காவும் நானும் பேசி வச்சிருந்தோம். ஒவ்வொரு வாரமும் எத்தனாவது குழாயில இருக்கேன்னு அவ சொல்லணும்." காகிதத்தை மறுபடி கையில் எடுத்தாள். "ஒன் முறை. என்ன அம்புட்டு நல்ல நம்பரு சொன்னா? மொட்டியா? துள்ளானா?"

முதல் ரேங்க் எடுத்ததை அறிவிப்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

"சடக்கா!"

அவள் கையிலிருந்த காகிதம் தானாக அவிழ்ந்து விரிந்தது. "என்னைக்குடி சொன்னா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை என்றேன். விரலை மடக்கி எண்ணினாள். அந்த மொழியில் இல்லை, சாதாரணத் தமிழில். ஞாயிறு, திங்கள், செவ்வாய். செவ்வாயில் ஒருமுறை நின்று, மறுபடி தொடர்ந்து வியாழனுக்கு வந்தாள். பிறகு எழுந்தாள். கட்டாத ஆறு குழாய்கள் அவள் மடியிலிருந்து உருண்டு தரையில் சிதறின.

கொல்லைப்புற வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். "ஏட்டி, எண்ணிக்கை முடியாம எங்க எந்திரிக்க?"

"அம்மா," என்றாள் சின்ன அக்கா, "அக்காவுக்குப் பன்னெண்டு ஆயிருச்சும்மா."

அம்மாவுக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் தன் சட்டம் தெரியும். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோழி வந்து குழாய்களைக் கலைத்தது. யாரும் விரட்டவில்லை.

லோடு முடித்து வந்த அப்பா, சேதியைக் கேட்டதும் சட்டையை மாற்றக்கூட இல்லை. வண்டிச் சாவியைச் சின்ன அக்கா கையில் கொடுத்துவிட்டு, திருப்பூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். மறுநாள் பொழுது சாயும்போது பெரிய அக்காவோடு வந்து இறங்கினார். அவள் கையில் ஒரு துணிப்பை. இடது கைச் சுண்டுவிரலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டு. கதவில் நசுங்கிவிட்டது என்று சொல்லப்பட்டது. தெருவில் விசாரித்தவர்களுக்கு அம்மா, "ஆடிக்குக் கூட்டியாந்திருக்கு" என்றாள். ஆடி முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஆடிக்கு அழைத்துவந்த ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும். அவளைத் திரும்ப அனுப்பவில்லை.

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அரசு அலுவலகத்தில் ஒரு தபால் நான்கு நாள் மேசையில் கிடந்தால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும். பெற்ற தேதி, அனுப்பிய தேதி, தாமதத்துக்குக் காரணம் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். பின்னாளில் நூற்றுக்கணக்கான பேருக்கு அந்தக் குறிப்பாணையைத் தட்டச்சு செய்திருக்கிறேன். எனக்கு மட்டும் யாரும் தரவில்லை. ஏழு ஆண்டு கழித்து எனக்கு வேலை உத்தரவு வந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்த அன்று, சின்ன அக்கா என் துணிகளை மடித்தபடி சொன்னாள். சடக்கா என்று சொன்னால், ஒரு நாள் விட்டு மறுநாள், கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு அக்கா திருப்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்க வேண்டும், இங்கிருந்து ஆள் போய் அழைத்துவர வேண்டும் என்பது அவர்கள் பேச்சு. பஸ்ஸுக்குக்கூடக் கையில் காசு தராத வீடு அது. செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து கடைசிப் பஸ் போகும் வரைக்கும் பூக்கடை ஓரத்தில் அந்தத் துணிப்பையோடு நின்றிருக்கிறாள். பிறகு வேறு போக்கிடம் இல்லாமல் அந்த வீட்டுக்கே திரும்பிப் போயிருக்கிறாள்.

"வெரலு புதன்கிழம" என்றாள் சின்ன அக்கா. அவள் குரலில் குறை ஒன்றும் இல்லை. "நீயும் தூரமாப் போற. ஒரு நம்பரச் சொன்னா அன்னைக்கே கேட்டுக்கிறணும்னு இருக்கோம். அதுக்குத்தான் சொல்றேன்."

ஆனால் இதெல்லாம் பிறகு. அந்த ஆடியில் எனக்குத் தெரிந்தது, பெரிய அக்கா வந்துவிட்டாள், வீடு நிறைந்துவிட்டது என்பது மட்டும்தான். இன்னொரு மாற்றத்தையும் கவனித்தேன். அம்மா இரண்டாவது சட்டத்தை எடுத்துவிட்டாள். யார் எந்த எண்ணில் எழுந்தாலும் ஒன்றும் சொல்வதில்லை. நான் ஐந்தில் எழுந்து தண்ணீர் குடித்தேன், எட்டில் எழுந்து ஐஸ் வண்டியைப் பார்த்தேன். கட்டுகளில் எண்ணிக்கை குறைகிறது என்று குழாய் எடுக்க வருகிற ஏஜென்ட் சண்டை போட்டார். "கொறஞ்சாக் கொறையட்டும்யா" என்றாள் அம்மா. அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை.

புரட்டாசியில் பெரிய அக்காவின் விரல் கட்டை அவிழ்த்தார்கள். மறுநாளே அவள் கம்பியை எடுத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தாள். சட்டம் இல்லாவிட்டாலும் அவள் மட்டும் ஜொள்ளியில் தொடங்கிப் பன்னிரண்டு வரைக்கும் எழுந்திருக்கவில்லை. நூலைச் சுற்றிக் கட்டினாள். பல்லால் கடித்து அறுத்தாள். கையை நீட்டி, ஒவ்வொரு விரலாக மெதுவாக நெட்டி முறித்தாள். நான் பழக்கதோஷத்தில் எண்ணினேன்.

"அக்கா, ஒம்பதுதான் கேட்டுச்சு."

அவள் சுண்டுவிரலைத் தூக்கிப் பார்த்தாள். அது மடங்கவில்லை. "ஒன்னு அங்கனயே நின்னுக்கிருச்சுட்டி" என்று சிரித்தாள்.

சிரித்ததால் எனக்கும் சிரிப்பு வந்தது. ஓடிப்போய் நோட்டை எடுத்தேன். பன்னிரண்டாவது வரியில், 'சடக்கா: பத்து விரலும் நெட்டி முறிகிற சத்தம்' என்று எழுதியிருந்தேன். 'பத்து' என்பதை ஒரே கோட்டில் அடித்து, மேலே 'ஒன்பது' என்று எழுதி, பக்கத்தில் தேதி போட்டுச் சிறுகையெழுத்தும் இட்டேன். திருத்தம் செய்யும் முறை அதுதான் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தானாகவே வந்தது. அதைக் கொண்டுபோய்ப் பெரிய அக்காவிடம் நீட்டினேன்.

அவள் ஜொள்ளியிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கடைசி வரியில் கொஞ்ச நேரம் நின்றாள். நோட்டை மூடி என் கையில் கொடுத்தாள்.

"கையெழுத்து நல்லா இருக்குடி" என்றாள்.

அன்று முழுவதும் எனக்கு ஒரே சந்தோஷம்.